மீசோதெலியோமாவின் அறிகுறிகளை இனங்காண்பது எப்படி

மீசோதெலியோமா என்னும் புற்றுநோய்க்கு மட்டுமே உரிய அறிகுறி என்று ஒன்றுமில்லை. மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதும், விலாப்புறம் விடாமல் வலிப்பதும், வறட்டு இருமலும், உடல் மெலிவதும் இன்னும் எத்தனையோ நோய்களில் வரக்கூடியவை. அந்நோய்களில் பெரும்பாலானவை இதைவிடப் பலமடங்கு பரவலாகக் காணப்படுபவை. ஆகவே அறிகுறிப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறியிட்டுப் பார்ப்பதால் இந்நோயைக் கண்டுகொள்ள முடியாது. அப்படிப் பார்ப்பவர் வீணாகப் பயந்துபோவார், அல்லது வீணாகத் தைரியம் கொள்வார். உடலில் தோன்றியிருக்கும் தொல்லை எது என்பதோடு, அது எந்தப் போக்கில் நகர்கிறது, வழக்கமான சிகிச்சைக்கு அடங்குகிறதா, இந்நோய்க்கு முதன்மைக் காரணமான ஆஸ்பெஸ்டாஸ் தூசி பல்லாண்டுகளுக்கு முன் அந்த உடலுக்குள் போக வாய்ப்பிருந்ததா என்னும் கேள்விகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஐயம் உருப்பெறுகிறது. நோயை உறுதிசெய்வது மருத்துவரின் வேலை. ஐயத்தை உரிய காலத்தில் எழுப்புவது நோயாளியாலும் அவருடைய குடும்பத்தாராலும் செய்யக்கூடிய வேலை. இந்த வழிகாட்டி அதற்காகவே எழுதப்படுகிறது.

நோய் எங்கே தோன்றுகிறது

நுரையீரலையும் மார்புச் சுவரின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் இரட்டைச் சவ்வுக்கு ப்ளூரா என்று பெயர். வயிற்றறையின் உறுப்புகளைப் போர்த்தியிருப்பது பெரிட்டோனியம். இதயத்தைச் சுற்றியும் ஆண்களின் விந்தகத்தைச் சுற்றியும் இதே வகையான உறைகள் உள்ளன. இந்த உறைகளின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய செல் அடுக்கே மீசோதெலியம். அதில் தோன்றும் புற்று மீசோதெலியோமா. நூறு நோயாளிகளில் ஏறத்தாழ 80 பேருக்கு அது ப்ளூராவில் தோன்றுகிறது. எஞ்சியோரில் பெரும்பாலோருக்குப் பெரிட்டோனியத்தில் தோன்றுகிறது. மற்ற இரண்டு இடங்களிலும் அது மிக அரிது.

இதை நுரையீரல் புற்றுநோய் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறுவேறு நோய்கள். நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் நுரையீரலின் உள்ளே ஒரு கட்டியாகத் திரள்கிறது. மீசோதெலியோமாவோ உறை நெடுகச் சிறு முடிச்சுகளாகத் தொடங்கி, அவை ஒன்றோடொன்று இணைந்து, நாளடைவில் தடித்த பழத்தோல் போல நுரையீரலைச் சுற்றி இறுகுகிறது. உறுப்பின் உள்ளே அல்லாமல் உறையில் வளர்வதால் அது முதலில் உறைகளுக்கிடையே நீரைச் சுரக்கச் செய்கிறது, பிறகு அருகிலுள்ள நரம்புகளையும் தசைகளையும் தொடுகிறது, இறுதியில் உறுப்பை விரியவிடாமல் நெரிக்கிறது. கீழே சொல்லப்படும் அறிகுறிகள் ஏறக்குறைய அனைத்தும் இந்த மூன்று செயல்களிலிருந்து பிறப்பவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் பழைய வாழ்க்கையைத் திரும்பிப் பாருங்கள்

ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் மூச்சு வழியாக உட்புகுந்த காலத்துக்கும் நோய் தலைகாட்டும் காலத்துக்கும் இடையே பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. நோயை இனங்காண்பதில் முதல் தடையே இந்த இடைவெளிதான். இருபது வயதில் ஈராண்டு செய்த வேலையை அறுபத்தைந்து வயதில் மூச்சுத்திணறலோடு தொடர்புபடுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மருத்துவர் 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்டால், ஓய்வுபெற்றவர் கடைசியாகப் பார்த்த வேலையைத்தான் சொல்கிறார். கேட்கப்பட வேண்டிய கேள்வி, 'முதன்முதலில் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை எங்கெங்கே என்னென்ன வேலை செய்தீர்கள்?' என்பதே. மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியே சொல்ல வேண்டும்.

கப்பல் கட்டுதல், கப்பல் உடைத்தல், கொதிகலன்களுக்கும் நீராவிக் குழாய்களுக்கும் வெப்பக்காப்புப் பூசுதல், அனல் மின்நிலையப் பராமரிப்பு, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடுகளும் குழாய்களும் செய்யும் ஆலை, ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் துணியும் நெய்யும் ஆலை, வாகனங்களின் பிரேக் லைனிங், கிளட்ச் வேலை, பழைய ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்தல், பழைய கட்டடங்களை இடித்தல் ஆகியவை நன்கறியப்பட்ட ஆபத்தான தொழில்கள். இவற்றில் நேரடியாக ஈடுபட்டவர்களைப் போலவே அவர்களுக்குப் பக்கத்தில் நின்று வேறு வேலை பார்த்தவர்களும் அதே தூசியைத்தான் சுவாசித்தார்கள். மின்பணியாளர், குழாய் பொருத்துபவர், தச்சர், மேற்பார்வையாளர், பணிமனையைப் பெருக்கியவர் ஆகியோர், 'நான் ஆஸ்பெஸ்டாஸைத் தொட்டதே இல்லை' என்று உண்மையாகவே சொல்வார்கள். தொட்டார்களா என்பது முக்கியமன்று. அது அறுக்கப்பட்ட, துளையிடப்பட்ட, உடைக்கப்பட்ட இடத்தில் இருந்தார்களா என்பதே முக்கியம்.

வேலைக்கே போகாதவர்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. தொழிலாளியின் உடையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த தூசியை, அந்த உடையை உதறித் துவைத்த மனைவியும், அவரை ஓடிச்சென்று கட்டிக்கொண்ட குழந்தையும் சுவாசித்திருக்கிறார்கள். சுரங்கத்துக்கோ ஆலைக்கோ அருகில் குடியிருந்தது மட்டுமே காரணமாக அமைந்ததும் உண்டு. ஆஸ்பெஸ்டாசுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்னும் நோய்க்கூறியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் 1960-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை. அதில் விவரிக்கப்பட்ட 33 நோயாளிகளில் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்களே அல்லர். கேப் மாகாணத்தின் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்களுக்கு அருகில் வாழ்ந்தவர்கள். துருக்கியின் கப்படோக்கியா பகுதியில் கராயின், துஸ்கோய் போன்ற கிராமங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை எதுவும் இல்லாமலே இந்நோய் மிகுந்திருந்தது. அங்குள்ள பாறையிலும் அதைக் கொண்டு கட்டிய வீடுகளிலும் இருந்த எரியோனைட் என்னும் இழைக் கனிமமே அதற்குக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களைவது அவசியம். புகைபிடிக்காதவருக்கு இந்நோய் வராது என்பது ஒன்று. புகையிலை மீசோதெலியோமாவை உண்டாக்குவதாக அறியப்படவில்லை. ஆகவே புகைபிடிக்காததால் இதிலிருந்து பாதுகாப்பும் கிடைப்பதில்லை. (ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவர் புகையும் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பன்மடங்கு கூடுகிறது என்பது வேறு செய்தி.) வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் தீங்கற்றது என்பது மற்றொன்று. நீலம், பழுப்பு, வெள்ளை என எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அதேபோல, உடையாமல் சிதையாமல் இருக்கும் தகடு ஒன்று தலைக்குமேல் இருப்பதாலேயே நோய் வந்துவிடும் என்று நடுங்கவும் வேண்டாம். இழைகள் காற்றில் பெருமளவில் கலப்பது அதை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், அது நாட்பட்டு உதிரும்போதும்தான்.

மார்புப் பகுதிக்கு முன்பு கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடமும், பி.ஏ.பி.1 என்னும் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் உள்ள குடும்பத்தினரிடமும் இந்நோய் காணப்படுகிறது. எந்தக் காரணமும் தெரியவராத நோயாளிகளும் இருக்கிறார்கள். குறிப்பாக வயிற்றுறையில் நோய் தோன்றிய பெண்கள் பலரிடம் ஆஸ்பெஸ்டாஸ் வரலாறு கிடைப்பதில்லை. எனவே பழைய வாழ்க்கையில் தூசி இருந்தது என்பது ஐயத்தை வலுப்படுத்தும். இல்லை என்பது ஐயத்தை முற்றிலும் நீக்கிவிடாது.

மார்பில் தோன்றும் அறிகுறிகள்

பெரும்பாலோரிடம் முதலில் தென்படுவது மூச்சுத்திணறல். இது ஆஸ்துமாவைப் போல வந்து வந்து போவதில்லை. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடுகிறது. போன மாதம் நிற்காமல் ஏறிய படிக்கட்டில் இந்த மாதம் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது, பிறகு சமதரையில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, அதன்பின் பேசும்போதே வாக்கியம் அறுபடுகிறது என்று அதன் போக்கைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். முதுமையால் வரும் தளர்ச்சி என்று இதை ஒதுக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முதுமை மனிதரைச் சில வாரங்களில் இப்படி மாற்றுவதில்லை.

இந்தத் திணறலுக்குத் தொடக்கத்தில் காரணமாவது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது. இந்நோயில் நீர் ஏறத்தாழ எப்போதும் ஒரு பக்கத்தில் மட்டுமே சேர்கிறது. இதயம் பலவீனமாவதால் சேரும் நீர் பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும், காலும் வீங்கும்; ஒரு பக்கத்தில் மட்டும் காரணமின்றி நீர் சேர்ந்திருப்பதை எவரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீர் மிகுதியாக இருக்கும்போது பலர் தம்மை அறியாமலே நீர் சேர்ந்த பக்கமாகச் சாய்ந்து படுக்கிறார்கள். நலமாக உள்ள நுரையீரல் மேலே இருந்தால்தான் அது விரிய இடம் கிடைக்கிறது. எந்தப் பக்கம் படுத்தால் இதமாக இருக்கிறது என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீரை ஊசி மூலம் எடுத்தவுடன் நோயாளிக்குப் பெரும் நிம்மதி கிடைக்கும். குடும்பத்தினர் நோய் குணமாகிவிட்டது என்று நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் கவனிக்க வேண்டியது அதன் பிறகு நடப்பதை. எடுத்த நீர் சில வாரங்களில் மீண்டும் சேர்ந்தால், நீர் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்று பொருள். நீர் சேராமலே போவதும் எப்போதும் நல்ல செய்தியன்று. புற்று வளர்ந்து இரு சவ்வுகளையும் ஒட்டவைத்துவிட்டால் நீர் தேங்க இடமே இராது. எக்ஸ்ரேயில் நீர் குறைந்திருக்கும், ஆனால் இறுகிய உறைக்குள் சிக்கிய நுரையீரல் விரிய முடியாததால் திணறல் மட்டும் குறையாது. 'நீர் வற்றிவிட்டது, ஆனால் மூச்சு சரியாகவில்லை' என்னும் நிலை இந்த நோயைப் பற்றி நினைக்கவைக்க வேண்டிய ஒன்று.

மார்பு வலி இரண்டாவது பெரிய அறிகுறி. நீர் இல்லாமல் வலியே முதலில் வருவோரும் உண்டு. நிமோனியாவிலோ நுரையீரல் உறை அழற்சியிலோ மூச்சை இழுக்கும்போது சுருக்கென்று குத்தும்; மீசோதெலியோமாவின் வலி பெரும்பாலும் அப்படிக் குத்துவதில்லை. அது மந்தமானது, பாரம் வைத்தது போன்றது, குறிப்பிட்ட ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட முடியாமல் ஒரு பக்க மார்பு முழுவதும் பரவியிருப்பது. உதரவிதானத்தை மூடியுள்ள உறை பாதிக்கப்பட்டால் வலி தோள்பட்டையிலோ மேல்வயிற்றிலோ உணரப்படும். அதனால் தோள் மூட்டு வலி என்றும் வயிற்றுப்புண் என்றும் நினைத்து மாதக்கணக்கில் வேறு சிகிச்சை நடப்பதுண்டு. விலாக்களுக்கு இடையேயுள்ள நரம்பைப் புற்று தொட்டுவிட்டால் எரிச்சலும், சட்டை உரசினாலே கூசும் உணர்வும் வரும். நீரை எடுத்தபின் திணறல் தணிந்தும் வலி தணியவில்லை என்றால் அதைத் தனியே குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மாத்திரைக்கு அடங்காமல் நாளுக்கு நாள் கூடும் ஒருபக்க மார்பு வலி, ஆஸ்பெஸ்டாஸ் வரலாறு உள்ளவரிடம், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் மேற்கொண்டு ஆராயப்பட வேண்டியது.

இருமல் பெரும்பாலும் வறட்டு இருமலாகவே இருக்கும். இருமலில் இரத்தம் வருவது இந்நோயில் அதிகம் காணப்படுவதில்லை. வந்தால் அது நுரையீரல் புற்றுநோய், காசநோய் போன்றவற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் அதையும் காலம் தாழ்த்தாமல் பார்க்க வேண்டும்.

நோய் முற்றும்போது சில தனித்த அடையாளங்கள் தோன்றுகின்றன. மூச்சு இழுக்கும்போது ஒரு பக்க மார்பு மட்டும் அசையாமல் இருப்பதை, சட்டையில்லாமல் முதுகுப்புறமிருந்து பார்ப்பவரால் காணமுடியும். அந்தப் பக்கம் சுருங்கி, தோள் தாழ்ந்து, உடல் அந்தப் பக்கமாகச் சாய்வதும் உண்டு. குரல் கம்முவது, விழுங்கும்போது உணவு தடைபடுவது, முகமும் கழுத்தும் கைகளும் வீங்குவது ஆகியவை மார்பின் நடுப்பகுதியிலுள்ள நரம்பும் உணவுக்குழாயும் பெருஞ்சிரையும் அழுத்தப்படுவதைக் காட்டுகின்றன. முன்பு ஊசி செலுத்தி நீர் எடுத்த இடத்திலோ குழாய் வைத்த தழும்பிலோ தோலுக்கடியில் கட்டி திரளுவது இந்நோயில் குறிப்பிடத்தக்க ஒன்று. மீசோதெலியோமா ஊசி போன தடத்தைப் பற்றிக்கொண்டு வெளியே வளரும் இயல்புடையது. பழைய தழும்பைத் தடவிப் பார்ப்பதற்குச் செலவும் இல்லை, வலியும் இல்லை.

உடல் முழுவதும் தெரியும் மாற்றங்கள்

பசி குறைதல், முயலாமலே எடை குறைதல், ஓய்வெடுத்தாலும் போகாத அசதி, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்த்தல், தொற்று எதுவும் இல்லாமலே விட்டுவிட்டு வரும் இலேசான காய்ச்சல் ஆகியவை எந்தப் புற்றுநோயிலும் வரக்கூடியவை. காசநோயிலும் அப்படியே வரும். தனித்து நின்றால் இவற்றுக்கு அதிக மதிப்பில்லை. ஒருபக்க நீர், ஆறாத வலி, பழைய தூசி ஆகியவற்றோடு சேரும்போது இவற்றின் மதிப்பு கூடுகிறது. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் உயர்ந்திருப்பதும் இரத்தச்சோகையும் சில நேரம் தென்படும்; அவையும் துணைச் சான்றுகளே.

வயிற்றில் தோன்றும் அறிகுறிகள்

பெரிட்டோனியத்தில் தோன்றும் மீசோதெலியோமா இன்னும் மௌனமானது. வயிறு மெல்ல உப்புகிறது, சிறிது உண்டவுடன் வயிறு நிறைந்துவிட்டது போலிருக்கிறது, இடுப்பு உடை இறுகுகிறது. வயிற்றில் நீர் சேர்வதால் உடல் எடை குறையாமலும் இருக்கலாம், கூடவும் செய்யலாம். எடைபார்க்கும் கருவியை மட்டும் நம்பியிருப்பவர் இதில் ஏமாந்துபோவார். கன்னமும் தோளும் தொடையும் மெலிந்துகொண்டே போக வயிறு மட்டும் பெருப்பதுதான் கவனிக்க வேண்டிய தோற்றம். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், தொப்புளின் மட்டத்தில் நாடாவால் சுற்றளவை அளந்து குறித்துவைத்தால், மனத்தோற்றமா உண்மை மாற்றமா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

இனம்புரியாத வயிற்றுவலி, குமட்டல், புதிதாகத் தோன்றிய மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு ஆகியவையும் இதில் வரும். வயதான காலத்தில் புதிதாகத் தொப்புளிலோ தொடையிடுக்கிலோ குடலிறக்கம் தோன்றினால், உள்ளே சேரும் நீரின் அழுத்தம் அதற்குக் காரணமா என்று கேட்டுப் பார்ப்பது தகும். குடலிறக்க அறுவையின்போது எதிர்பாராமல் இந்நோய் வெளிப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பெண்களிடம் இது சினைப்பைப் புற்றுநோயாக எண்ணப்படுவது இயல்பே. இரண்டிலும் வயிற்றில் நீர் சேர்கிறது, இரண்டிலும் இரத்தத்தில் சி.ஏ.125 என்னும் புரதத்தின் அளவு உயரக்கூடும். ஆகவே அந்த அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

இதய உறையில் தோன்றும் நோயில் நீர் இதயத்தை அழுத்துவதால் மூச்சுத்திணறல், படுத்தால் மூச்சு முட்டுதல், படபடப்பு, கால்வீக்கம், மயக்கம் ஆகியவை வரும். விந்தக உறையில் தோன்றுவது வலியற்ற விதைப்பை வீக்கமாகவே தெரியும். ஓதம் (விதைப்பையில் நீர் கோத்தல்) என்று கருதி அறுவை செய்யும்போதுதான் பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுகிறது. இவை மிக அரியவை என்பதால் இதற்குமேல் விரிக்கவில்லை.

எவற்றோடு குழப்பிக்கொள்ள நேரிடுகிறது

காசநோய் மிகுந்த நாடுகளில் ஒரு பக்கம் நீர் சேர்ந்தால் முதலில் காசநோயையே நினைப்பார்கள். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சிக்கல் எழுவது கிருமி கண்டறியப்படாமல், நீரிலுள்ள ஏ.டி.ஏ. என்னும் நொதியின் அளவையும் நிணச்செல்கள் என்னும் வெள்ளணுக்களின் மிகுதியையும் மட்டும் கொண்டு மருந்து தொடங்கப்படும்போது. ஏ.டி.ஏ. மீசோதெலியோமாவிலும் சிலரிடம் உயர்ந்திருக்கும். காசநோய் மருந்தை ஒழுங்காக உட்கொண்டும் நீர் மீண்டும் சேர்கிறது, வலி கூடுகிறது, எடை ஏறவில்லை என்றால், 'காசநோய் என்பது கிருமியின் மூலம் உறுதிசெய்யப்பட்டதா, ஊகமா?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். இது மருத்துவரைச் சோதிக்கும் கேள்வியன்று. நல்ல மருத்துவர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்விதான். விடை வரும்வரை மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வேறு நோய்களும் வருகின்றன. ஆஸ்பெஸ்டோசிஸ் என்பது நுரையீரலே தழும்பேறி இறுகுவது. அது இரு பக்கமும் இருக்கும், நெடுங்காலம் மிகுதியாகத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கே பெரும்பாலும் வரும். மீசோதெலியோமா அதைவிடக் குறைந்த தூசியிலும் வரக்கூடியது. ஸ்கேன் அறிக்கையில் 'ப்ளூரல் ப்ளாக்' என்று எழுதியிருந்தால் திகைத்துவிட வேண்டாம். அவை உறையில் ஆங்காங்கே படிந்த தடிப்புகள். அவை புற்றும் அல்ல, புற்றாக மாறுவனவும் அல்ல. ஆனால் அவை ஆஸ்பெஸ்டாஸ் உடலுக்குள் புகுந்ததற்கான வலுவான சான்று என்பதால், அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்தி வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பு வகுத்துள்ள வழிகாட்டுதல் பின்பற்றுவதற்கு எளிதானது. 40 வயது கடந்த ஒருவருக்கு இருமல், அசதி, மூச்சுத்திணறல், மார்பு வலி, எடைக்குறைவு, பசியின்மை ஆகியவற்றில் காரணம் புரியாத இரண்டு இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அவர் ஆஸ்பெஸ்டாசுக்கு ஆட்பட்டவராகவோ எப்போதேனும் புகைபிடித்தவராகவோ இருந்தால் ஒன்றே போதும். பழைய தூசி வரலாறு அறிகுறிகளின் மதிப்பை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

சில நிலைகளில் எக்ஸ்ரேக்கு நாள் குறித்துக் காத்திருப்பதே தவறு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டி ஒரு வாக்கியம் முடிக்க இயலாமை, உதடு நீலம் பாரித்தல், திடீரென்று வந்த கடும் மார்பு வலி, மயங்கி விழுதல், முகமும் கழுத்தும் வேகமாக வீங்குதல், வயிறு உப்பி வாந்தியோடு மலமும் காற்றும் நின்றுபோதல், கால்கள் திடீரென்று வலுவிழத்தல் அல்லது மரத்துப்போதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காரணம் மீசோதெலியோமாவா வேறொன்றா என்று வீட்டிலிருந்து ஆராய்வதற்கு அப்போது நேரமில்லை.

கையில் என்ன கொண்டுபோவது, அங்கே என்ன எதிர்பார்ப்பது

ஒரு தாளில் முதல் வேலை தொடங்கி ஆண்டுவாரியாக எழுதுங்கள்: இடம், செய்த வேலை, தூசி பறந்ததா, முகமூடி இருந்ததா, பக்கத்தில் என்ன வேலை நடந்தது, அந்தக் காலத்தில் வீட்டில் வேறு யார் எங்கே வேலை செய்தார்கள், எந்த ஊரில் குடியிருந்தீர்கள். நினைவு மங்கியிருந்தால் உடன் பணிபுரிந்தவர்களிடம் கேளுங்கள். அவர்களில் யாருக்கேனும் இதே போன்ற நோய் வந்ததா என்பதும் தெரியவரக்கூடும். மற்றொரு தாளில் ஒவ்வோர் அறிகுறியும் தொடங்கிய மாதம், கூடிய விதம், எடுத்த சிகிச்சை, அதன் பலன், நீர் எடுக்கப்பட்டிருந்தால் எத்தனை முறை, எவ்வளவு, என்ன நிறம் என்பவற்றை எழுதுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் எடுத்துச்செல்லுங்கள். புதிய படத்தில் தெரியும் மாற்றம் பழையதோடு ஒப்பிடும்போதுதான் பேசும்.

மார்பு எக்ஸ்ரே நீரைக் காட்டும். சிறிதளவு நீரையும் தொடக்கநிலைத் தடிப்பையும் தவறவிடக்கூடும். அல்ட்ராசவுண்ட் குறைந்த நீரையும் காட்டிவிடும். மருந்தூசி செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் உறை தடித்திருக்கும் விதத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன்பின் நீரை எடுத்துச் சோதிப்பார்கள். பலரும் தடுமாறும் இடம் இதுதான்: நீரில் புற்றுச் செல்கள் இல்லை என்று அறிக்கை வந்தால் புற்றுநோய் இல்லை என்று பொருளாகாது. மீசோதெலியோமா நோயாளிகள் பலரின் நீரில் செல்கள் அடையாளம் காணும்படி கிடைப்பதே இல்லை. ஐயம் தொடர்ந்தால் மார்புக்குள் சிறு கருவியைச் செலுத்திக் கண்ணால் பார்த்துத் திசுவை எடுக்கும் தொராக்கோஸ்கோபி, அல்லது ஸ்கேன் உதவியுடன் ஊசியால் எடுக்கும் பயாப்ஸி தேவைப்படும். மீசோதெலின் போன்ற இரத்தப் பரிசோதனைகள் துணைக்கு உதவலாம். அவற்றைக் கொண்டு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ தீர்மானிக்க முடியாது.

எடுத்த திசுவைக் கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்ற பல சாயச் சோதனைகளுக்கு உட்படுத்தினால்தான், இது மீசோதெலியோமாவா, உறைக்குப் பரவிய வேறு புற்றா, வெறும் அழற்சியா என்று பிரித்தறிய முடியும். மீசோதெலியோமாவில், செல்களின் தோற்றத்தைக் கொண்டு, எபிதெலியாய்டு, சார்கோமட்டாய்டு, இரண்டும் கலந்தது என்று மூன்று வகைகள் உள்ளன. முதல் வகையே அதிகம் காணப்படுவது, சிகிச்சைக்கு ஓரளவு இணங்குவதும் அதுவே. வகை எது என்று அறிக்கையில் குறிப்பிடப்படவில்லை என்றால் கேட்டுப் பெறுங்கள். இந்நோய் அரிதானதால் அனுபவமுள்ள நோய்க்கூறியல் நிபுணர் ஒருவர் அதே திசுக்கண்ணாடிகளை மறுபடி பார்ப்பது வழக்கமான நடைமுறை. அதைக் கோருவதில் தயக்கம் வேண்டியதில்லை.

அறிகுறி எதுவும் இல்லாமல், முன்பு தூசியில் வேலை செய்தவர் என்ற கவலை மட்டுமே இருப்பவருக்கு, ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதால் மீசோதெலியோமாவை முன்கூட்டியே கண்டு ஆயுளை நீட்ட முடியும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. அவர் செய்யக்கூடியது, தம் தொழில் வரலாற்றை மருத்துவக் கோப்பில் பதியச்செய்வதும், புகைபிடிப்பவராயின் அதை நிறுத்துவதும், மேலே சொன்ன மாற்றங்களில் ஏதேனும் தொடங்கி மூன்று வாரம் நீடித்தால் தூசி வரலாற்றைச் சொல்லி எக்ஸ்ரே கேட்பதுமே. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, உடன் பணிபுரிந்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றையும் அவர் இப்போதே திரட்டி வைக்கலாம். பல நாடுகளில் இது தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டு இழப்பீட்டுக்கு வழி உள்ளது. ஆனால் விண்ணப்பிக்கும் கால வரம்பு நோய் உறுதியான நாளிலிருந்தே எண்ணப்படக்கூடும் என்பதால், பயாப்ஸி அறிக்கை கைக்கு வந்தவுடனேயே அந்நாட்டுச் சட்டம் அறிந்த ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.